இளைஞர் ஆண் பிரிவு

வினோஜன் கொழும்பிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது தனியொரு மனிதனாகத்தான் வந்தான். தான் ஒரு பிரிவு என்பது அப்போது அவனுக்குத் தெரியாது. சில மாதம் கழித்துக் கம்பனிக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

வட்டகொடைக்கு மேலே, ஸ்டேஷனிலிருந்து லொறி ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறது அந்தத் தோட்டம். கம்பனிப் பலகையில் ஏதோ ஒரு வெள்ளைக்காரனுடைய ஊரின் பெயர் எழுதியிருக்கும். சனங்கள் ஆத்துத்தோட்டம் என்பார்கள். அங்கே பிறந்த ஆம்பிளைப் பிள்ளைகள் மீசை அரும்பியதும் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விடுவார்கள். வினோஜனும் போனான். ஓர் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அம்மாவை நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று தகவல் வந்தது. சிறுநீரகத்தில் கல்.

ஆஸ்பத்திரி டொக்டர் அவன் முன்னாலேயே அம்மா அழகம்மாவைத் திட்டினார். தண்ணியே குடிக்கிறதில்லையா, இப்படியே போனால் இன்னும் மோசமாகும் என்றார். அழகம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும், "அந்த டொக்டர் ஐயா மேமலையில ஒரு நாளு கொழுந்து எடுத்துப் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

மேல் மலையில் கக்கூஸ் கிடையாது. குடியிருக்கிற லயத்துக்கு இறங்கிவந்து திரும்ப ஏறினால் அதற்குள் கொழுந்து நிறுக்கிற நேரம் வந்துவிடும்; நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். தேயிலைக்குள்ளே உட்காரலாமென்றால் மேலே ஒரு பக்கம் கங்காணி நிற்பார், கீழே ஒரு பக்கம் பூச்சி மருந்தடிக்கிற ஆம்பிளைகள் நிற்பார்கள், எல்லாப் பக்கமும் அட்டை நிற்கும். ஆகவே மேல் மலைக்குப் போகிற பெண்கள் விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கமில்லை. கூடை தூக்கத் தொடங்கினால் தானாக வந்துவிடும்.

அப்பா இல்லை. அம்மாவை விட்டுப் போக மனம் வராமல் வினோஜன் தோட்டத்திலேயே பேர் பதிந்துகொண்டான். மருந்தடிக்கிற வேலை கிடைத்தது.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள், கொழுந்து பறிக்கிறவர்களுடைய மனம் குளிர்ந்திருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். குளிர்ந்திருப்பதாக நிரூபித்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் உள்ள தேயிலைக்கு விலை கூட. கொழும்பிலிருந்து கம்பனி அதற்கென்று ஒரு ஆளை அனுப்பியது. ஷாமிலா மிஸ் என்று பெயர். நல்ல பிள்ளை, எல்லாரையும் பார்த்துச் சிரித்தது. கையில் கறுப்புப் பை, காலில் வெள்ளைச் சப்பாத்து. முதல் நாளே சப்பாத்து மண்ணிறமானது. அதற்கும் சிரித்தது.

காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் வைத்து வெல்பேர் ஆபீசர் ஜெரோஷன் அறிவித்தார். ஆண்கள், பெண்கள் என்றும் அதற்குள் இளையோர், நடுவயது, மூத்தோர் என்றும் தோட்டம் ஆறு பிரிவாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு பிரிவும் தன் உணர்வைத் தனியாகச் சொல்ல வேண்டும், எல்லாப் பிரிவும் சமம் என்றார். கூட்டம் வானத்தைப் பார்த்தது. மழை வருகிற மாதிரி இருந்தது.

கொழும்பில் யாரோ மொழிபெயர்த்த படிவத்தில் முதல் கேள்வி, 'உமது வேலைத்தளத்தின் காலநிலையை நீர் எவ்வாறு உணர்கிறீர்?' என்றிருந்தது. கீழே மூன்று முகங்கள். பச்சை முகம் சிரித்தது, மஞ்சள் முகம் சும்மா இருந்தது, சிவப்பு முகம் வாயைக் கோணியது.

மூத்த ஆண்கள் முதலில் மண்டபத்துக்குப் போனார்கள். தோட்டத்து மனேஜரான பெரிய தொரை அவர்களை உற்சாகப்படுத்துவதற்காக முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். எல்லாரும் பச்சை போட்டார்கள். சோலைமலைக் கங்காணி, கண்ணாடி கொண்டுவராதவர்களுக்கும் சேர்த்துப் போட்டார். தான் போட்டது பச்சைதான் என்று தொரைக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று ஒருவர் அவர் பக்கம் திரும்பிச் சிரித்தும் காட்டினார்.

பெண்கள் பகுதி பகுதியாக வந்தார்கள். காலநிலை எப்படி என்று கேட்டபோது மழை, பனி, காற்று என்றார்கள். ஷாமிலா மிஸ் பொறுமையாக, இது வெளியே இருக்கிற காலநிலையில்லை, மனசுக்குள் இருக்கிற காலநிலை என்று விளக்கினாள். லயத்தில் அழகம்மாவுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற அம்மாக்கண்ணு எழுந்தாள். வாய் கொஞ்சம் நீளமென்று பெயர் எடுத்தவள்.

"மனசும் நனைஞ்சுதான் கெடக்கு மிஸ். மேமலையில ஒரு கக்கூசு கட்டிக் குடுத்தா காயும்" என்றாள்.

ஷாமிலா மிஸ் அதைக் கவனமாக எழுதிக்கொண்டாள். பெண்கள் எல்லாரும் சிவப்பு போட்டார்கள்.

கடைசியாக இளைஞர் ஆண் பிரிவு. வினோஜன் மண்டபத்துக்குள் போனபோது கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. ஷாமிலா மிஸ் மற்றவர்கள் வரட்டும் என்றாள். இருவரும் காத்திருந்தார்கள். அப்புறம் ஜெரோஷன் வந்து, மற்றவர்கள் இல்லை, இருபத்தைந்து வயதுக்குட்பட்ட ஆண் என்று பதிவில் இருப்பது இந்த ஒரு ஆள்தான் என்றார். மிஸ் கையிலிருந்த கடதாசியைப் புரட்டிப் பார்த்தாள். பிரிவில் ஒரே ஆள் இருந்தால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஆகவே எழுதியிருந்தபடியே செய்தாள். எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள். சிறு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடும்படி கேட்டுக்கொண்டாள். வினோஜன் எங்கே பிரிவது என்று தெரியாமல் இருந்த இடத்திலேயே இருந்தான். மிஸ் நேரத்தைப் பார்த்து, கலந்துரையாடல் முடிந்தது என்றாள்.

அன்று காலை முழுக்க மருந்தடித்துவிட்டு வந்திருந்தான். கண் எரிந்தது. படிவத்தில் சிவப்பு முகம்தான் தெளிவாகத் தெரிந்தது. அதைப் போட்டுவிட்டுப் போனான்.

முடிவு வந்த பிறகு பெரிய தொரை அவனை ஆபீசுக்கு வரச்சொன்னார். வினோஜன் அதுவரை ஆபீசின் ஜன்னலை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறான். உள்ளே கூப்பிட்டுக் கதிரை கொடுத்தார்கள். உட்கார்ந்தால் தவறாகுமா, உட்காராவிட்டால் தவறாகுமா என்று தெரியாமல் விளிம்பில் உட்கார்ந்தான்.

தொரை பேசுவது பெரட்டுக்களத்தில் பழகிய தமிழ். அதில் நீ, வா, போ மட்டும்தான் உண்டு. ஆனால் அண்மையில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்திருந்தார்.

"நீ வந்து... நீங்க எல்லாரும் ஏன் இப்படி நினைக்கிறது?" என்று கேட்டார்.

வினோஜன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

"இளைஞர்களைத்தான் கேக்கிறது" என்றார் தொரை. "தோட்டத்தில இளைஞர் ஆண்கள் நூறு வீதம் அதிருப்தி. கொழும்பில இருந்து போன் வந்தது. நூறு வீதம் என்கிறது கலவரம் மாதிரி."

ஷாமிலா மிஸ் நிலைமையை விளக்கினாள். சான்றிதழ் கிடைக்க வேண்டுமானால் ஒரு பிரிவுகூடச் சிவப்பில் இருக்கக் கூடாது. மூத்த ஆண்கள் முழுப் பச்சை. அது அனுபவத்தின் முதிர்ச்சி. நடுவயது ஆண்களில் பாதிப் பேர் வெறுமனே கோடு கிழித்திருந்தார்கள், அது நடுநிலை. பெண்கள் மூன்று பிரிவும் சிவப்பாகத்தான் வந்தது. ஆனால் பெண்கள் எதையும் கொஞ்சம் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்று ஆராய்ச்சிகள் சொல்வதால் அதற்கென்று ஒரு திருத்தம் இருக்கிறது, திருத்தியதும் மஞ்சளாகிவிட்டது. இளைஞர் பிரிவைத் திருத்த முடியவில்லை. ஒரே ஆளுக்குச் சராசரி கிடையாது.

"நான் பெண்களுக்கு மரியாதை வைக்கிற ஆள்" என்றார் தொரை. "அதனாலதான் அவங்க சொல்றத அப்படியே எடுக்கிறது இல்ல. அப்படியே எடுத்தா அவங்களுக்குத்தான் கஷ்டம்."

வினோஜன் தனக்குச் சொல்லத் தெரிந்ததைச் சொன்னான். மருந்தடித்தால் கண் எரிகிறது, மேல் மலையில் பெண்களுக்குக் கக்கூஸ் வேண்டும் என்றான். முதலாவதை மிஸ் எழுதிக்கொண்டாள். இரண்டாவதை எழுதவில்லை. அது பெண்கள் பிரிவு. இளைஞர் ஆண்கள் தங்கள் உணர்வை மட்டும்தான் சொல்லலாம் என்றாள். பெண்கள்தான் சொன்னார்களே என்றான் அவன். சொன்னார்கள், அதைத்தான் திருத்தியாகிவிட்டது என்றாள் மிஸ். அவள் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. கண் எரிச்சலுக்கு அவனுக்கு ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். போட்டால் பனியில் ஒன்றும் தெரியாது.

அதற்குப் பிறகு கம்பனி இளைஞர்களை மகிழ்விக்கத் தொடங்கியது. இளைஞர் கழகம் ஒன்று ஆரம்பித்தார்கள். வினோஜன் போட்டியின்றித் தலைவரானான். செயலாளரும் பொருளாளரும்கூட அவன்தான். தீர்மானத்தை முன்மொழிந்துவிட்டு வழிமொழிய ஆளில்லாமல் நின்றபோது, தன்னைப் பதவி வழியாக இளைஞராகக் கொள்ளலாம் என்று ஜெரோஷன் கையைத் தூக்கினார். அவருக்குத் தலையில் பாதி நரைத்திருந்தது. பிறகு மைதானத்தில் கரப்பந்து வலை கட்டினார்கள். சான்றிதழுக்குப் படம் வேண்டும் என்று கொட்டகலையிலிருந்து ஒரு படப்பிடிப்புக்காரரைக் கூட்டிவந்தார்கள். அவர் வினோஜனை வலைக்கு இந்தப் பக்கம் குதிக்கச் சொல்லி எடுத்தார். சட்டையை மாற்றி அந்தப் பக்கம் குதிக்கச் சொல்லியும் எடுத்தார். இரண்டையும் ஒட்டியபோது ஆட்டம் விறுவிறுப்பாகத்தான் இருந்தது. தொரை அதைப் பெரிதாக்கி ஆபீசில் மாட்டினார்.

வினோஜனுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. கொழும்பில் கடை முதலாளி நில் என்றால் நிற்பான், தூக்கு என்றால் தூக்குவான். இங்கே குதி என்றார்கள், குதித்தான். சாயங்காலம் குளித்துவிட்டு அடுப்படியில் குந்தியிருந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றான். என்ன நடந்தது என்று அழகம்மா கேட்டால் ஒன்றுமில்லை என்பான். அது உண்மையும்தான்.

ஆனால் தோட்டத்தில் கதை பரவாமலிருக்குமா? எல்லாப் பிரிவும் சமம் என்று ஜெரோஷன் சொன்னதை அம்மாக்கண்ணு மறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அதை மற்றப் பெண்களுக்கு விளங்கப்படுத்தினாள். பிறகு எல்லாருமாக அழகம்மாவின் காம்பராவுக்கு வந்து வாசலில் நின்றார்கள்.

"தம்பி, நாங்க இத்தன பொம்பளைங்க சொன்னது ஒரு பக்கம். நீ ஒத்தையாளு சொல்றது ஒரு பக்கம். தராசு சமமா நிக்குதாம்" என்றாள் அம்மாக்கண்ணு. "நாங்க சொன்னா திருத்திப்புடுறாங்க. நீ சொல்லு."

அழகம்மாவுக்குப் பயம். உள்ளே இருந்தபடியே, அவனை இதில் இழுக்காதே, இந்தக் காம்பரா அவன் பேரில்தான் நிற்கிறது, ஆபீசோடு முறைத்துக்கொண்டு எங்கே போவது என்று முனகினாள். பெண்கள் கலைந்து போனார்கள்.

மறுநாள் விடியற்காலை வினோஜன் அம்மாவைப் பார்த்தான். அவள் தேத்தண்ணியை ஊற்றினாள். இரண்டு மிடறு குடித்தாள். மிச்சத்தை அடுப்புச் சாம்பலில் ஊற்றிவிட்டுக் கூடையை எடுத்தாள். தினம் நடப்பதுதான். அன்று சாம்பல் புகைந்ததையும் பார்த்தான்.

அடுத்த முறை ஷாமிலா மிஸ் வந்து, இளைஞர்களுக்கு வேறென்ன தேவை என்று கேட்டபோது, அவன் கதிரையில் கொஞ்சம் நன்றாகவே உட்கார்ந்து சொன்னான்.

"இளைஞர் ஆண் பிரிவுக்கு மேல் மலையில ஒரு கக்கூஸ் வேணும் மிஸ்."

மிஸ்ஸுக்கு அவ்வளவு சந்தோஷம். பிரிவு முதன்முதலாகத் தன் தேவையைத் தானே கண்டறிந்திருக்கிறது என்று ஜெரோஷனிடம் சொன்னாள். தொரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பெண்கள் எத்தனையோ வருடமாகத் தொழிற்சங்கத் தலைவர்மார் மூலம் கேட்டும் காசில்லை, கல்லில்லை, நிலம் சரிவு என்று நின்ற வேலை மழைக்காலம் முடிவதற்குள் எழும்பிவிட்டது. நாலு சுவர், தகரக் கூரை, வெளியே நீலத் தண்ணீர்த் தாங்கி, கதவில் பூட்டு. கதவுக்கு மேலே 'இளைஞர் (ஆண்)' என்று மூன்று மொழியிலும் பலகை.

திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு வைத்தார்கள். காற்றில் திரி நிற்கவில்லை. சோலைமலைக் கங்காணி காற்றை மறைக்கப் படங்குத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொழுந்தெடுக்கிற பெண்களை வரிசையாக நிறுத்திக் கைதட்டச் சொன்னார்கள். தொரை நாடாவை வெட்டிவிட்டுப் பேசினார்.

"இளைஞர்கள்தான் தோட்டத்துடைய நாளை. நாளைக்கு வசதி செய்து குடுக்கிறது எங்க கடமை. இன்றைக்கு வேலை செய்யிறவங்க பொறுமையான சனங்கள். அவங்க பொறுமையை நாங்க ஒருநாளும் குறைய விடமாட்டோம்."

பெண்கள் கைதட்டினார்கள். சாவியைக் கழகத் தலைவரிடம் கொடுத்தார்கள். விழாக் கூட்டம் மலை இறங்கி ஆற்றைத் தாண்டியதும் வினோஜன் சாவியை அம்மாக்கண்ணுவிடம் கொடுத்தான். அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. நிறுவைக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி என்று முறை வைத்துப் போய்வந்தார்கள். கங்காணிக்குத் தெரியும், வேறு பக்கம் பார்த்து இருமினார். ஒரு காலை அழகம்மா கோப்பை நிறைய ஊற்றி முழுதாகக் குடித்துவிட்டுப் போனாள். வினோஜன் பார்த்தும் பார்க்காதவன் போல் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான்.

காட்டிக்கொடுத்தது தண்ணீர்த் தாங்கிதான். கட்டியதற்குப் பிறகு அதன் பயனை அளக்க வேண்டுமென்று சான்றிதழில் ஒரு விதி. அளந்தார்கள். காலையில் நிரப்பிய தாங்கி மாலையில் வெறுமையாக இருந்தது. தோட்டத்து இளைஞர் ஆண்கள், அதாவது வினோஜன், மனித உடம்புக்குச் சாத்தியமில்லாத தடவைகள் போய்வருவதாகக் கணக்கு காட்டியது. ஷாமிலா மிஸ் கவலைப்பட்டாள். இளைஞர்களின் ஆரோக்கியம் குறித்து ஓர் அவசரக் கூட்டம் நடந்தது. வினோஜனைத் தோட்டத்து மருந்துச்சாலைக்கு அனுப்பினார்கள். சிறுநீர் பிடிக்க ஒரு போத்தலைக் கொடுத்தார்கள். சீனி வியாதி இல்லை, வேறு ஒன்றும் இல்லை என்று வந்தது. மருந்து கொடுக்கிறவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ராத்திரியில் நன்றாகத் தூங்குகிறாயா என்று மட்டும் கேட்டார். தூங்குகிறேன் என்றான்.

உடம்பில் வருத்தம் இல்லையென்று ஆனதும், கங்காணிகளுக்கு மேலே இருக்கிற கண்டாக்கை மேல் மலைக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள். அவர் ஒரு சவுக்கு மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். மாலையில் வந்து, போகிறவர்கள் எல்லாம் சேலை கட்டியிருக்கிறார்கள் என்று அறிவித்தார்.

வினோஜனை மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்த முறை கதிரை கொடுத்தார்கள், ஆனால் தேத்தண்ணி கொடுக்கவில்லை. ஷாமிலா மிஸ் உண்மையிலேயே மனம் நொந்திருந்தாள். இப்படி ஒரு பிரிவின் வசதியை இன்னொரு பிரிவு எடுத்துக்கொண்டால் யார் எதனால் திருப்தியாக இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும், அளவீடே கெட்டுப்போகிறதே என்றாள். பெண்கள் திருப்தியடைவதில் தனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அது அவர்களுடைய கட்டத்தில் வர வேண்டும். ஜெரோஷன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவும் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர்தான் என்று சொல்வார்கள்.

சாவியைப் பற்றித் தொரை எதுவும் பேசவில்லை. இறுதி ஆய்வு நெருங்கிவிட்டது. படிவத்தை அவன் முன்னால் வைத்து, தம்பி ஒரு பச்சை போட்டுவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்றார். தம்பி என்று அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.

வினோஜன் மூன்று முகங்களையும் பார்த்தான். அன்று மருந்தடிக்கவில்லை, கண் எரியவில்லை. பச்சை போட்டால் இவர்களுக்கு இளைஞர்கள் தேவைப்பட மாட்டார்கள் என்று தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை. சிவப்பைப் போட்டான். தொரை அதைப் பார்த்துவிட்டு, பேனையை எடுத்துச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

ஒரு வாரத்தில் அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து நிறுக்கிற இடத்தில் உதவி மேற்பார்வையாளர். தொழிலாளியாக இருந்தவன் அன்றிலிருந்து உத்தியோகத்தன். உத்தியோகத்தர்கள் ஆய்வில் சேர்த்தியில்லை. வேண்டாமென்று சொல்லலாமா என்று அம்மாவிடம் கேட்டான்.

"போடா. ஸ்டோருக்குள்ள மழை பெய்யாது" என்றாள் அழகம்மா.

போனான். ஜெரோஷன் வந்து அம்மாக்கண்ணுவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். வாங்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. கதவில் பழைய பூட்டோடு பெரிய பூட்டு ஒன்றும் ஏறியது. 'பயனாளிகள் இன்மையால் மூடப்பட்டுள்ளது' என்று ஒரு கடதாசியும் ஒட்டினார்கள், தமிழில் மட்டும்.

சான்றிதழ் கொடுக்கிற விழா கீழ் மண்டபத்தில் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணி திரையில் ஓடிய வண்ணக் கட்டங்களைக் கவனமாகப் பார்த்தார். மூத்த ஆண்கள் பச்சை, நடுவயது ஆண்கள் மஞ்சள், பெண்கள் எல்லாரும் மஞ்சள். ஒரு கட்டம் வெள்ளையாக இருந்தது. இளைஞர் ஆண்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

"அந்தப் பிரிவிலிருந்து ஒரு முறைப்பாடுகூட இல்லை" என்றாள் ஷாமிலா மிஸ். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. குரலற்றவர்களின் குரலை இந்தத் தோட்டம் முறையாக அளந்திருக்கிறது என்று மேலும் சொன்னாள். பெண்மணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சட்டம் போட்ட சான்றிதழை வாங்கிய தொரை, அது என் வெற்றி இல்லை, நான் சொன்னதைக் கேட்ட ஒவ்வொருவருடைய வெற்றி என்றார். வினோஜன் புதுச் சட்டையில் உத்தியோகத்தர் வரிசையில் நின்று கைதட்டினான். எல்லாரும் நிறுத்தியபோது நிறுத்தினான்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. பெண்கள் பழையபடி தேயிலைக்குள் போனார்கள், அல்லது போகாமல் இருந்தார்கள். அழகம்மாவுக்கு மறுபடி விலாவில் வலி வந்தது. கொடுத்த குளிசையைத் தண்ணீரில்லாமல் விழுங்கப் பழகிக்கொண்டாள்.

பூட்டு உடைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மாலையில் அம்மாக்கண்ணுதான் வந்து வினோஜனிடம் சொன்னாள். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அழகம்மா தேயிலை நிரையை விட்டு வெளியே வந்தாளாம். வலியில் உட்காரப் போகிறாள் என்று நினைத்தார்களாம். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர்க் கான் ஓரத்திலிருந்து ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தாளாம். பெரிய பூட்டுக்கு நிறைய அடி வேண்டியிருந்தது. நடுவில் கை ஓய்ந்தபோது அம்மாக்கண்ணு வாங்கி அடித்தாள். அப்புறம் வேறொருத்தி வாங்கினாள். கங்காணி குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கதவு திறந்ததும் அழகம்மா முதலில் உள்ளே போனாள்.

"நீ இதெல்லாம் செய்யிற ஆளே இல்லையேம்மா" என்றான் வினோஜன்.

அழகம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

"என்னாவோ பண்ணிட்டேன்" என்றாள். "காம்பராவ விட்டுப் போகச் சொன்னா போவோம்."

சொல்லிவிட்டு அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள்.

விசாரணை மறுநாளே தொடங்கியது. தொரை, ஜெரோஷன், கண்டாக்கு மூன்று பேரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். முன்னாள் கழகத் தலைவர் என்ற முறையில் வினோஜனை அழைத்தார்கள். அம்மாவின் பெயர் எந்த நேரம் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. கம்பனிச் சொத்தைச் சேதப்படுத்துவது எந்தப் பிரிவின் இயல்பு என்று ஆய்வின் பின்னிணைப்பில் தெளிவாக எழுதியிருந்தது. ஜெரோஷன் அதை வாசித்தார். வேண்டுமென்றே மெதுவாக வாசிக்கிறாரோ என்று வினோஜனுக்குத் தோன்றியது. மூத்த ஆண்கள் விசுவாசமானவர்கள். பெண்கள் மூன்று பிரிவும் பொறுமையானவர்கள். வன்முறைக்கு முன்னுதாரணம் இல்லை. இத்தகைய நடத்தை இளைஞர் ஆண்களிடமே காணப்படும்.

தோட்டத்தில் இப்போது இளைஞர் ஆண்கள் எத்தனை பேர் என்று தொரை கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல சேர்" என்றார் ஜெரோஷன்.

கண்டாக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார். தொரை கையைக் காட்டி நிறுத்தினார். பெண்கள் என்று எழுதினால் பின்னிணைப்பு பிழையாகும். பின்னிணைப்பு பிழையென்றால் சான்றிதழ் என்னாகும் என்பது மேசைக்குப் பின்னால் இருந்த மூவருக்கும் ஒன்றாகவே விளங்கியது.

"அப்ப செய்ததுக்கு ஆள் இல்ல" என்றார். "ஆள் இல்லாத குற்றத்துக்குப் புதுப் பூட்டு வாங்கவும் கம்பனியில வழியில்ல. எழுது."

எழுதினார்கள். வினோஜன் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, சேர் நான் போகலாமா என்று கேட்டான். போகச் சொன்னார்கள்.

ஸ்டோருக்கு நடந்துபோனான். மேல் மலை லொறி வந்து நின்றிருந்தது. சாக்குகளை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றினான். ஈரக் கொழுந்து, நன்றாக நிறை நின்றது.